இங்க ஆள் வர்றாங்க

மூன்று தடவை இடம் மாறினேன். நான்காவது தடவை தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கே யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். அங்கிருந்து ஆல்டரும் தெரியாது, பிரசங்கம் பண்ணுகிறவர் முகமும் தெரியாது, மின்விசிறிக் காற்றும் எட்டாது. அப்படி ஒரு இடம் எல்லாக் கோயிலிலும் இருக்கிறது. வெளியூர்க்காரனுக்கென்றே கட்டியிருப்பார்களோ என்னவோ.

தங்கச்சி மகள் புது வீட்டுப் பிரதிஷ்டை திங்கட்கிழமை காலை. முதல் நாளே போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பந்தல்காரன், சமையல்காரன், வெங்காய மூட்டை. என் வீட்டம்மாவையும் காய் நறுக்க உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு ஞாயிறு ஆராதனை தப்பினால் அந்த வாரமே ஒரு மாதிரி இருக்கும். பக்கத்துத் தெருவில் கோயில் மணி அடித்தது, வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊர் பேரும் கோயில் பேரும் வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு கோயிலைப் பற்றியென்று நினைத்துவிடுவீர்கள்.

வாசல் மிதியடியில் நல்வரவு என்று போட்டிருந்தது. அதை மிதித்துத் தாண்டினேன். செருப்பை வெளியே விடுவதா, உள்ளே போட்டுக்கொண்டு போவதா? தெரியவில்லை. இரண்டு விதமாகவும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நெஞ்சில் வரவேற்புக்குழு என்று பட்டை குத்திய இரண்டு பேர் தங்களுக்குள் முந்தின நாள் கிரிக்கெட்டைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விட்டுவிட்டு நடந்தேன்.

முதல் பெஞ்சில் ஒரு பைபிள், அதன்மேல் மடித்த கைக்குட்டை. தள்ளி ஓரமாக உட்கார்ந்தேன். "பிரதர், இங்க ஆள் வர்றாங்க." சரி, எழுந்தேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு பொடியன் இரண்டு கையையும் விரித்து மறித்தான். "எங்க தாத்தா வருவாரு." சின்னப் பிள்ளையோடு சண்டை போட முடியுமா? மூன்றாவதில் பையும் இல்லை, பொடியனும் இல்லை. அப்பாடா என்று சாய்ந்தேன். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு. "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அது கமிட்டி மெம்பர் குடும்பம் உக்கார்ற எடம்." எங்கேயும் எழுதிப் போட்டிருக்கவில்லை. எழுதாமலே ஊருக்கெல்லாம் தெரியுமாம். எனக்குத்தான் தெரியவில்லை, அந்த ஊர்க்காரனாக நான் பிறக்காமல் போனது என் குற்றம்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நாள் கிழமையில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். அதையாவது ஒத்துக்கொள்ளலாம், துண்டு போட்டவன் முண்டியடித்து ஏறி வந்து உட்கார்ந்துவிடுவான். இங்கே ஆள் வரவே இல்லை. ஒன்றரை மணி நேரமும் அந்த பைபிளும் கைக்குட்டையும்தான் பிரசங்கம் கேட்டன. தூணுக்குப் பக்கவாட்டில் கழுத்தை நீட்டினால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே காட்சி அந்தக் கைக்குட்டைதான். நீலக் கட்டம் போட்டது, ஒரு மூலையில் மஞ்சள் கறை.

இது நம் ஆட்கள் கண்டுபிடித்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோயில் பெஞ்சுக்கு வாடகை உண்டு. குடும்பம் குடும்பமாகப் பணம் கட்டி எடுத்துக்கொள்வார்கள், சில கோயில்களில் பெஞ்சுக்குக் கதவே வைத்திருப்பார்கள். பணம் கட்டாதவன் பின்னால் ஒதுங்க வேண்டியதுதான். அங்கே ரசீதாவது இருந்தது. நம் ஊரில் வாடகையும் கிடையாது, ரசீதும் கிடையாது, பாத்தியதை மட்டும் பரம்பரையாக வருகிறது.

பாமாலைப் புத்தகம் என்னிடம் இல்லை. இரண்டாவது பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். தூணுக்கு இந்தப் பக்கம் பத்து வயதிருக்கும் ஒரு பையன், முன்பல் இரண்டு விழுந்தவன், புத்தகத்தை என் பக்கம் சாய்த்து, பாடப் பாட வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். எனக்கு எழுத்துத் தெரியாது என்று நினைத்தானோ? இருக்கட்டும். நாலாவது சரணம் வரும்போது அவன் அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அந்த ஆராதனையில் எனக்குக் கிடைத்த உபசரணை மூன்று சரணம்.

அப்புறம் வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவே ஆகாதது. "இன்று நம் ஆராதனைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்கவும்."

நான் எழவில்லை. தூண் இருக்கும் தைரியம். ஆனால் முதலில் எழுப்பிவிட்டவர் மறப்பாரா? கையை நீட்டிக் காட்டிக்கொடுத்தார். மைக் வந்தது. இருநூறு தலை திரும்பியது. எங்கள் ஊரில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து கல்மரத்தையும் பஞ்சு அடைத்த மிருகங்களையும் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்த மிருகங்களின் நிலைமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பேரைச் சொன்னேன். ஊர் திருக்கோகர்ணம் என்றேன்.

மைக்கில் என்ன விழுந்ததோ, "கர்நாடகா மாநிலம் கோகர்ணத்திலிருந்து வந்திருக்கும் நம் சகோதரரை வரவேற்போம்" என்று கைதட்டச் சொல்லிவிட்டார்கள். இல்லைங்க, புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் என்று நான் சொன்னபோது மைக் போய்விட்டது. கோகர்ணம் என்றால் பசுவின் காது. கங்கை நீரைக் காதில் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றிய பசுவின் கதை எங்கள் ஊர்த் தலபுராணம். பேரிலேயே காதை வைத்திருக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, கேட்பதற்கு ஒரு காது கிடைக்கவில்லை. வெளியே வரும்போது ஒரு அம்மா என்னிடம், "தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று பாராட்டினார்.

அன்று திருவிருந்து ஆராதனை. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்று பொருள், தொல்காப்பியம் அந்தப் பொருளில்தான் ஆளுகிறது. மாமனும் மச்சானும் விருந்தாளி இல்லை, முன்னே பின்னே தெரியாதவன்தான் விருந்தாளி. அப்படிப் பார்த்தால் அந்த இருநூறு பேரில் விருந்து நான் ஒருவன்தான். வரிசையில் நிற்கிறேன், பட்டை குத்தியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, முன்னும் பின்னும் நிற்கிறவர்கள் கேட்கும்படி, "திடப்படுத்தல் எடுத்தாச்சா?" என்றார். எனக்கு வயது அறுபத்திரண்டு. கேட்க வேண்டிய முறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், சபைக்குச் சட்டதிட்டம் உண்டு. அதை ஆராதனை தொடங்கும்போது பொதுவாக ஒரு வரி அறிவித்திருக்கலாம். இல்லை, செருப்பை விட்ட இடத்தில் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து கையை ஏந்தப் போகிற நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் மாதிரி வந்து கேட்டால்?

முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை முகத்தைப் பார்க்காதவர்கள் எல்லாம் ஒரே கரிசனம்.

"சொந்த ஊரு எது பிரதர்?"

"திருக்கோகர்ணம்."

"அது இப்ப இருக்கிறது. பூர்வீகம்?"

"திருநெல்வேலிப் பக்கம்."

"திருநெல்வேலியில எங்க? நாசரேத் பக்கமா, பாளையங்கோட்டையா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"நடுவுலன்னா? அங்க யாரு வீடு? தெரிஞ்சவங்களா இருக்கும், அதான் கேக்குறேன்."

எதற்குக் கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் ஊர் என்பது ஊர் மட்டும் இல்லை. ஊரைச் சொன்னால் தெரு கேட்பார்கள், தெருவைச் சொன்னால் தாத்தா பேர், தாத்தா பேரைச் சொன்னதும் கையில் இருக்கும் டீ கப் ஒன்று நெருங்கும், இல்லை விலகும். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீசில் முகவரி பார்த்துக் கிழித்தவன் நான். "622002" என்றேன். "அது என்னங்க?" "எங்க பின்கோடு." அவர் சிரிக்கவில்லை. அத்தோடு விசாரணையும் முடிந்தது, கரிசனமும் முடிந்தது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், கோயிலுக்குள் சாதி வித்தியாசம் கூடாது, உட்காருவதிலும் திருவிருந்து வாங்குவதிலும் பிரிவினை கூடாது என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு ஆங்கிலிக்கன் சபையைவிட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கர் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு இரண்டு கைபோல் இரண்டு மண்டபம், நடுவில் சுவர். இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம். அந்தச் சுவரை இடித்தது 1910இல். எங்கள் ஊர் அருங்காட்சியகம் தொடங்கிய அதே வருஷம். இடித்த சுவரில் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கலாம். வைத்தால் பார்க்க வருகிறவன் முதலில் கேட்கப்போவது, "இது எந்த ஊர்ச் செங்கல்?"

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் எங்க கோயிலுக்கு வாங்கங்கறேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார். பிரகதாம்பாள் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். மாமி, அர்ச்சனைத் தட்டை நீட்டினால் கோத்திரம் கேட்கிறார்களே, அது என்ன என்றேன். மாமி அசரவில்லை. பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்றும் பேர், தொண்டைமான் ராஜா காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்த அம்மன் காசால் வந்த பேர். காணாமல் போன பொருள் கிடைக்க அந்த அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். "கொலுசு, சாவி எல்லாம் கெடச்சிருக்கு. நீங்க தொலைச்சது எடம்தானே, ஒரு அச்சு வெல்லம் வேண்டிக்கோங்கோ" என்றார்.

சிரித்தாலும், மனசுக்குள் கிடந்தது. நான் தேடியது இடம்தானே! யாக்கோபு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம், பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிறவர்களை அவர் வாங்குகிற வாங்கு எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்று சொல்கிறேன். 3ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் டிடாஸ்கலியா என்று ஒரு சபை ஒழுங்கு நூல் எழுதினார்கள். ஆராதனை நடக்கும்போது உலகத்தில் பெரிய மனிதர் ஒருவர் வந்தால் பிஷப் பேச்சை நிறுத்தி எழுந்திருக்க வேண்டாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறது அது. ஏழை ஒருவர் வந்தால், அதுவும் வயதானவராக இருந்து, உட்கார இடமில்லாமல் நின்றால், உள்ளூர்க்காரரோ வெளியூர்க்காரரோ யாரானாலும், பிஷப்பே இடம் பண்ணிக்கொடுக்க வேண்டும். அதற்காகத் தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி. எந்த ஊர் என்ற கேள்விக்கு ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் கேள்வியிலேயே நிற்கிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் வாசல் பார்ப்பதற்கென்றே ஒரு பட்டம் இருந்தது, குருவாகப் போகிறவர் ஏறும் படிகளில் முதல் படி. 1972இல் ஆறாம் பவுல் போப் அதை எடுத்துவிட்டார். அவருக்கு என்ன காரணமோ, வாசலில் நிற்பது ஒரு வேலை என்ற நினைப்பும் அதோடு போய்விட்டதாக எனக்குப் படுகிறது. நாம் அதற்குப் பட்டை குத்திய குழு போட்டிருக்கிறோம். எங்கள் ஊரில் கோயில்குட்டி என்று ஒருத்தர் இருப்பார். மணி அடிப்பது, கூட்டுவது, விளக்குப் போடுவது எல்லாம் அவர்தான். புது முகம் தெரிந்தால் ஒன்றும் கேட்க மாட்டார். பாயின் சுருட்டின நுனியை இன்னும் ஒரு முழம் விரித்துவிட்டு, கண்ணால் "உக்காருய்யா" என்பார். அவ்வளவுதான். ஒரு முழம் பாய்.

பெஞ்சு வந்ததிலிருந்துதான் பிடித்தது சனி என்று நான் சொல்வேன். பாயில் இரண்டு பேர் நகர்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடம் வந்துவிடும், இது யார் இடம் என்று பாய்க்குத் தெரியாது. பெஞ்சுக்கு முனை இருக்கிறது, முனைக்கு உரிமை இருக்கிறது, நடுவில் போக வேண்டுமென்றால் எட்டு முழங்காலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. எங்கள் மாவட்டத்து ஆவூரில், 1697இல் புஷே சாமியார் தொடங்கின பழைய மிஷன் ஊர் அது, வீரமாமுனிவரும் இருந்த இடம், ஈஸ்டரையொட்டிப் பாஸ்கா நாடகம் நடக்கும். ஒரு வருஷம் போயிருந்தேன். எல்லா மதத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். மண்ணில் ஆளுக்கொரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு ஆத்தா தன் சாக்கில் பாதியைத் தட்டிக் காட்டி, "நின்னு மறைக்காத, குந்து" என்றது. வரவேற்பு வார்த்தையாக அதைச் சொல்ல முடியாது, திட்டுத்தான். ஆனால் உட்கார்ந்தேன். திருவிழாக் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமைச் சபையையும் ஒப்பிடக்கூடாது என்பீர்கள். ஏன் கூடாது?

சில கோயில்களில் இதற்கு நேர் எதிர். போவீர்கள், வருவீர்கள், பத்து வாரம் ஆனாலும் ஒருத்தர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எனக்கு அது எவ்வளவோ தேவலை. பார்க்காமல் விட்டால் விடட்டும், எழுப்பாமல் இருந்தால் போதும். என் வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். பேறுகாலத்துக்கு மகளோடு சென்னையில் ஆறு மாதம் இருந்தபோது ஒரு கோயிலில் ஒருத்தரும் அவளோடு பேசவில்லை என்று இன்னும் சொல்லிக்காட்டுவாள். "எந்த ஊருன்னாவது கேட்டிருக்கலாம்ல?" அவளிடம் இந்த விஷயத்தில் நான் வாதாடுவதில்லை.

வாதாடாததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பந்தியில் நான் இந்தக் கதையைப் பெரிசாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சாம்பார் வாளியோடு வந்தவள் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "நீங்க மட்டும் என்னவாம்? போன கிறிஸ்மஸுக்கு நம்ம கோயில்ல, கைப்பிள்ளையோட வந்துச்சே ஒரு பொண்ணு. ஜன்னலோரம் உக்காந்ததும் நீங்க என்ன சொன்னீங்க?" கிறிஸ்மஸ் வேறு, கூட்டம் வேறு என்றேன். அந்த ஜன்னலோரத்தில் பதினோரு வருஷமாக நான் உட்காருகிறேன், எனக்கு முதுகுவலி என்றேன். "சொன்னீங்களா இல்லையா?" சொன்னேன். அந்தப் பெண் எழுந்து எங்கே போய் உட்கார்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போச்சு. அன்றைக்கு டீ கொடுத்த மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பேர், செல் நம்பர், திருமண நாள், ஜெபக் குறிப்பு. கூடவே கட்டட நிதிக்கு ஒரு கவர், என் பேரை எழுத இடம் விட்டு. செல் நம்பரை எழுதித் தொலைத்தேன். அன்றிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவோடு ஒரு வசனம் வருகிறது. சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை வசனத்துக்குக் கீழே இன்னொரு செய்தி. "அன்பு சகோதரரே, நேற்றைய ஆராதனையில் உங்கள் இடம் வெறுமையாக இருந்தது."

எந்த இடம் என்று கேட்டு எழுதலாமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே எழுதும் கட்டத்தையே காணோம். அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் செய்தி அனுப்ப முடியுமாம்.